ஒத்தச் சட்டிக்கு இரண்டு பேர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் கரிந்துவிட்டது. கோழி பாதி வெந்திருந்தது, முட்டைக்கோஸ் முழுசாகக் கரிந்திருந்தது. இரண்டும் ஒரே சட்டியில் ஒரே தீயில்தான் கிடந்தன. எண்ணெய் ஊற்றியது ஞாபகம் இருக்கிறது. கோழித் துண்டுகளைப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் புகை. நடுவில் என்ன செய்துகொண்டிருந்தேன்? நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

நாள் போட்டு எழுதச் சொன்னது ஆஸ்பத்திரி தெரபிஸ்ட் அம்மா. மூளையில் ரத்தம் கசிந்து, மண்டையைத் திறந்து மூடி, பத்து மாதம் ஆகிறது. கை கால் நன்றாக இருக்கிறது. பேச்சு நன்றாக இருக்கிறது, வாய் முன்பைவிட நீளம் என்றுகூடச் சொல்கிறார்கள். ஒரு வேலையைத் தொடங்கினால் நடுவில் எங்கோ அறுந்துவிடுகிறது, அதுதான் மிச்சம் இருக்கிற நோய். பதினாறு வருஷம் சரக்கு ரயில் ஓட்டினேன். நாற்பத்திரண்டு பெட்டியோடு மலை இறங்கியவளுக்கு ஒரு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கத் தெரியவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

18ஆம் தேதி அந்த அம்மா இங்கே வந்து உட்கார்ந்து பார்ப்பார். நான் ஒரு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியாகச் சமைக்க வேண்டும். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒழுங்காக முடித்தால், இவர் ஒரு குழந்தையோடு தனியாக வாழலாம் என்று எழுதித் தருவார். அந்தக் காகிதம் கிடைத்தால் என் மகள் வீட்டுக்கு வருவாள். கிடைக்காவிட்டால் —

அதை எழுதப்போவதில்லை.

மார்ச் 5, புதன்

சட்டியில் கரியைச் சுரண்டினேன். மத்தியானம்வரை சுரண்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

என்ன சமைக்கப்போகிறீர்கள் என்று தெரபிஸ்ட் அம்மா கேட்டபோது, யோசிக்காமல் 'ஒத்தச் சட்டி' என்றேன். அப்படி ஒரு சாப்பாடா என்று பார்த்தார். குட்டி வைத்த பெயர் அது. அவள் அப்பா தவறிப்போன பிறகு, டியூட்டி முடிந்து அவளைப் பள்ளிக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால், எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். முட்டைக்கோஸ் நல்ல ஜீவன். நான் மூன்று நாள் வெளியூர் போய்வந்தாலும் ஃப்ரிட்ஜில் முகம் வாடாமல் காத்திருக்கும். எலும்பில்லாத கோழியைத் துண்டு போட்டு, வாயகன்ற இரும்புச் சட்டியில் சிவக்கவிட வேண்டும். அப்புறம் வெங்காயம், பூண்டு, அகலமாக நறுக்கிய கோஸ், உப்பு, மிளகு. தீயைக் குறைத்து மூடி. கடைசியில் அரை எலுமிச்சை. சட்டியையே மேசையில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து காலி செய்வோம். கழுவ ஒரு பாத்திரம்தான் என்பது அதன் பெருமை. நாத்தனார் ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு சமையலா?" என்றார்.

அதே சட்டிதான் நவம்பரில் பற்றிக்கொண்டது. எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். குட்டி ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றினாள். எரிகிற எண்ணெயில் தண்ணீர். அவள் இடது கையில், முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்குத் தழும்பு. பத்து வயசு. அவள் கத்தியது எனக்குக் கேட்டது. கேட்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது வரவில்லை.

மறுநாளே நாத்தனார் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், தனி ஆள், நாலு மணி நேர பஸ் தூரத்தில் தபால் ஆபீஸில் வேலை. தப்பு சொல்ல முடியுமா? நானாக இருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இன்று ஃபோனில் சொன்னார். குட்டி அடுத்த வருஷமும் அங்கேயே படிப்பாளா என்று பள்ளியில் படிவம் கொடுத்திருக்கிறார்களாம். ஏப்ரல் 5 கடைசி நாள்.

"போட்டுக் குடுத்தா வருஷம் முழுக்க இங்கதான். போடலைன்னா அவ இடம் போயிடும். அதுக்குள்ள உன் டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னு பாரு."

அந்தக் குரலில் கொஞ்சம் ஆசை கலந்திருந்ததா? எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா?

மார்ச் 9, ஞாயிறு

தெரபிஸ்ட் அம்மா சொன்னபடி ஒவ்வொரு படியையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது படி: உப்புப் போடு. போட்டேன். திரும்பிக் காகிதத்தைப் பார்த்தேன். மூன்றாவது படி: உப்புப் போடு. போட்டேன். இப்படி எத்தனை தடவை என்று நாக்கில் வைத்த பிறகுதான் தெரிந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பே பண்டமானாலும் அங்கேதான் போகிறது.

மார்ச் 11, செவ்வாய்

எதிரொலி வந்திருந்தான். ஏழு வருஷம் என்ஜினில் எனக்கு உதவி ஓட்டுநர்.

என்ஜினில் ஒரு விதி உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் நான் உரக்கச் சொல்ல வேண்டும்: பச்சை. அவனும் தன் கண்ணால் பார்த்துவிட்டு, 'பச்சை' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் சொல்லும்வரை நான் பார்த்ததை நானே நம்பக்கூடாது. ஒருவர் கண் ஏமாறலாம், இரண்டு பேர் கண் சேர்ந்து ஏமாறாது. நாள் முழுக்க நான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பான், அதனால் அவன் எதிரொலி. வீட்டிலும் மனைவி சொல்வதைத்தான் திருப்பிச் சொல்கிறான் என்று கேள்வி.

அவன் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்க, நான் சட்டியை ஏற்றினேன். பழைய ஞாபகத்தில் "எண்ணெய் காஞ்சது" என்றேன். எட்டிப் பார்த்து, "காஞ்சது" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அதே விளையாட்டுத்தான். கோழி சிவந்தது — சிவந்தது. கோஸ் போட்டாச்சு — போட்டாச்சு. தீ சின்னது — சின்னது. அடுப்பு அணைஞ்சது — அணைஞ்சது.

எதுவும் கரியவில்லை. கோஸ் ஓரம் மட்டும் பொன்னிறமாக, நடுவில் இனிப்பாக, கோழியின் சாறு இறங்கி. பத்து மாதத்தில் முதல் தடவை. அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டருங்க சும்மா பயமுறுத்துறாங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. குணமாகிவிட்டேனோ?

மார்ச் 14, வெள்ளி

குட்டியிடம் சொல்லிவிட்டேன், 18க்குப் பிறகு வந்துவிடலாம், இப்போதே பெட்டியைக் கட்டத் தொடங்கு என்று. "நெசமாவாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறேனா? இல்லை. வெந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெரபிஸ்ட் அம்மா நாலரைக்கு வந்தார். எதிரொலி உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டார். நான் கோஸ் நறுக்கினேன். கோழி நறுக்கிய பலகையைத் தனியாக எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவர் ஏதோ டிக் போட்டார். எனக்கு உள்ளே ஒரே குஷி. எண்ணெய் காய்ந்தது. சொன்னேன். பதில் இல்லை. ஒரு மாதிரியாக இருந்தது, இருந்தாலும் கோழியைப் போட்டேன். சிவந்தது. சொன்னேன். பதில் இல்லை. கோஸைப் போட்டேன். தீயைக் குறைத்தேன். "தீ சின்னது," என்றேன்.

அப்புறம் அந்த அம்மா எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். சமையலறை முழுக்கப் புகை.

"ஏங்க? இப்பத்தானே தீயக் குறைச்சேன்," என்றேன்.

"ஒன்பது நிமிஷம் ஆச்சு. நீங்க குறைக்கல. பெருசாக்கியிருக்கீங்க."

குமிழை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எனக்குத் தெரியவில்லை. கோஸின் அடி கறுத்து, ஒட்டிக்கொண்டு, நாறியது. ஜன்னலைத் திறந்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா? 'தீ சின்னது'ன்னு சொல்லிட்டு என்னத் திரும்பிப் பாத்தீங்க. அப்படியே பாத்துக்கிட்டே நின்னீங்க. யாருக்காக, எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

அப்போதுதான் புரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தேன். மண்டைக்குள் எத்தனையோ போய்விட்டது, இந்தப் பாழாய்ப்போன விதி மட்டும் போகவில்லை. எதிர்ப்பக்கத்துக் குரல் வந்தால்தான் எனக்கு அடுத்தது வருகிறது. எதிரொலி வந்த அன்றைக்குச் சமைத்தது நான் மட்டும் இல்லை.

இந்த முறை முடியவில்லை என்று எழுதிக்கொண்டார். 28ஆம் தேதி இன்னொரு வாய்ப்பு. அதற்குமேல் அவர் கையில் இல்லை.

மார்ச் 19, புதன்

குட்டி ஃபோனில் கேட்டாள். "பெட்டிய அவிழ்க்கட்டுமா?"

மார்ச் 20, வியாழன்

நானே சொல்லி நானே பதில் சொல்லிப் பார்த்தேன். குரலை மாற்றி, கண்ணாடி முன்னால் நின்று, வலது காலில் நின்று கேள்வி, இடது காலில் நின்று பதில். பைத்தியக்காரி போல. நடக்கவில்லை. மண்டைக்குத் தெரிந்துவிடுகிறது, அது என் குரல்தான் என்று. தன் வழக்குக்குத் தானே சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டில் எடுப்பார்கள்?

சாயந்திரம் ஒரு யோசனை வந்தது. எதிரொலியை ஃபோனில் கூப்பிட்டேன். "28ஆம் தேதி ஃபோன மைதா டப்பாவுக்குப் பின்னால வெச்சுடறேன். நான் சொல்றத நீ மெதுவா திருப்பிச் சொன்னா போதும். அந்தம்மாவுக்குத் தெரியாது."

"அக்கா, நான் சட்டியப் பாக்க முடியாதே. பாக்காமப் பச்சைன்னு சொன்னா அது பச்சையாக்கா?"

திட்டிவிட்டேன். நன்றி கெட்டவன் என்றேன். ஏழு வருஷம் உனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தேனே என்றேன். அவன் மனைவியைக்கூட இழுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஃபோன வெக்கிறேன்க்கா," என்றான். பார்க்காமல் திருப்பிச் சொன்ன உதவியாளன் ஒருவனை நானே புகார் எழுதிக்கொடுத்து என்ஜினிலிருந்து இறக்கியிருக்கிறேன். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் சொன்னது சரி.

சரியாக இருந்து எனக்கு என்ன ஆகப்போகிறது. எனக்கு என் பிள்ளை வேணும். வேற ஒண்ணும் வேணாம்யா எனக்கு.

மார்ச் 21, வெள்ளி

தெரபிஸ்ட் அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன், சமைக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்கலாமா என்று. "வீட்ல உங்க கூட இருக்கப்போறவங்க இருக்கலாம். அது இயல்புதானே," என்றார். கூட இருக்கப்போகிறவள் ஒருத்திதான்.

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உயரமாகிவிட்டாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், இந்த வெயிலில்.

ஒத்தச் சட்டி செய்தேன். குட்டி மேசையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டு. "எண்ணெய் காஞ்சது," என்றேன். சும்மா, பழக்கத்தில். குட்டி இறங்கி வந்து சட்டியை எட்டிப் பார்த்து, "காஞ்சதும்மா," என்றாள்.

எனக்கு அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எல்லாம் வந்தது. அவள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சொன்னாள், எதிரொலிகூட இவ்வளவு உன்னிப்பாக இருந்ததில்லை. இறக்கி வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வழி கிடைத்துவிட்டது. இவள் இருந்தால் நான் தேறிவிடுவேன். தேறிவிட்டால் இவள் இருப்பாள். கரும்பு தின்னக் கூலியா?

சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் குட்டி எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். "அணைஞ்சுதான் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய். மறுபடி எழுந்தாள். "அணைஞ்சுதான் இருக்கு."

மூன்றாவது தடவை எழுந்தபோது நாத்தனார் என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். குட்டியின் தட்டில் கோஸ் அப்படியே இருந்தது.

மார்ச் 24, திங்கள்

குட்டி ஃபோனில்: "28க்கு நான் வரேம்மா. அத்தைகிட்ட லீவு போடச் சொல்லிட்டேன். நீ சொல்லு, நான் பாத்துச் சொல்றேன். அப்புறம் நம்ம வீட்லயே இருந்துக்கலாம். நான் எல்லாத்தையும் பாத்துக்கறேன்."

எல்லாத்தையும் பாத்துக்கறேன். பத்து வயசு.

மார்ச் 26, புதன்

கூடம், குளியலறை, கூடம். நாள் முழுக்க நடந்தேன்.

என்ஜினில் உதவியாளன் கண் அசரக்கூடாது. அதுதான் அவன் வேலை. அதற்குத்தான் அவனுக்கு எட்டு மணி நேரத்தில் ஆள் மாற்றுகிறார்கள். இவளுக்கு யார் மாற்றுவார்கள்? பள்ளியில் உட்கார்ந்து என் அடுப்பை நினைத்துக்கொண்டிருப்பாள். தோழி வீட்டுக்குப் போகமாட்டாள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, சின்னதும்மா என்பாள். இருபது வயதிலும் இந்த வீட்டில்தான் நிற்பாள்.

ஆனால் என்னோடு இருப்பாள்.

இரண்டு நாளுக்கு மட்டும் மனசாட்சியை மூட்டைகட்டிப் பரண்மேல் போட்டால் என்ன? காகிதம் வந்த பிறகு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். எல்லாத் தாயும் செய்வதுதான். செய்வார்களா? யாரிடம் கேட்பது? கேட்டால் பதில் சொல்ல இந்த வீட்டில் ஆளே இல்லையே. அதுதானே பிரச்சினையே.

மார்ச் 28, வெள்ளி

மூன்று பேரும் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். குட்டி தலையை இழுத்து வாரிப் பின்னியிருந்தாள், பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி. தெரபிஸ்ட் அம்மா முக்காலியில். நாத்தனார் கதவோரம். குட்டி எனக்கு இடப்பக்கம், ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு.

நான் செய்துவிடுவதாகத்தான் இருந்தேன். இதை எனக்காவது உண்மையாக எழுத வேண்டும். அடுப்பைப் பற்ற வைக்கும்வரை செய்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

"எண்ணெய் காஞ்சது." "காஞ்சது." கோழியைப் போட்டேன். எண்ணெய் தெறித்தது, கொஞ்சம்தான், எப்போதும் தெறிக்கிற அளவு. குட்டியின் இடது கை மேடையிலிருந்து வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் போனது. கண் மட்டும் சட்டியை விட்டு நகரவில்லை. பயத்தில் உதடு வெளுத்திருந்தது. "கோழி சிவந்தது," என்றேன். "சிவந்தது." அந்தக் குரல் குழந்தைக் குரலாக இல்லை.

அடுப்பை அணைத்தேன். கோஸ் நறுக்கியபடி பலகையிலேயே இருந்தது.

"எழுதிக்குங்க," என்றேன் தெரபிஸ்ட் அம்மாவிடம். "தனியா என்னால முடியாது. பெரியவங்க யாராவது கூட நின்னு பதில் சொன்னா முடியும். இவள நிக்க வெக்கக்கூடாது."

குட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் சரியாத்தானே சொன்னேன்? எதும்மா தப்பு? நான் சரியாத்தானே சொன்னேன்?"

சரியாத்தான் சொன்னே கண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். நாத்தனார் அவளைத் தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். படியிறங்கும்வரை கேட்டது.

மார்ச் 29, சனி

ஃபோனில் பேச வரமாட்டேன் என்கிறாளாம்.

மார்ச் 31, திங்கள்

பாதி வெந்த கோழி இன்னும் சட்டியிலேயே கிடந்தது. வீடு நாறுகிறது என்று கீழ்வீட்டில் வந்து சொன்னார்கள். கொட்டினேன். சட்டியைக் கழுவவில்லை. எதுக்குக் கழுவணும்? யாருக்கு?

ஏப்ரல் 2, புதன்

அறிக்கையின் நகல் வந்தது. நாத்தனாருக்கும் ஒன்று போயிருக்கிறது. "தனியாக இருக்கும்போது தொடங்கிய வேலையை முடிக்க இயலவில்லை. வயது வந்த ஒருவர் உடனிருந்து பதில் சொன்னால் பாதுகாப்பாகச் செய்ய இயலும். குழந்தையை இப்பொறுப்பில் வைக்கக்கூடாது என்பது இவரே கூறியது, நான் உடன்படுகிறேன்."

நாத்தனாரைக் கூப்பிட்டேன். "படிவத்துல கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணி. அங்கயே படிக்கட்டும்."

"ம்," என்றார்.

அவ்வளவுதான். என் பிள்ளையை நானே எழுதிக் கொடுத்தாயிற்று. அவளுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா என்னை வேணாம்னு சொல்லிட்டாளேன்னுதானே தெரியும். கூட்டிக்கிட்டு வந்து பரீட்சை வெச்சு, நீ வேணாம் போன்னு அனுப்பினவதானே நான்.

சாப்பிடவில்லை. நேற்றும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பத்தரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். நாத்தனார், தனியாக. முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். குட்டியைப் பள்ளியில் விடவும் சாயந்திரம் கூட்டிவரவும் சக ஊழியரிடம் சொல்லிவிட்டு. உள்ளே வந்து, சட்டியைப் பார்த்து, கைப்பையை மாட்டியபடியே அதைத் தேய்க்கத் தொடங்கினார்.

"விடுங்கண்ணி, நான் —"

"நீ எப்ப? சித்திரை போய் வைகாசி வந்தப்புறமா?"

தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார்.

"குட்டி எப்படி இருக்கா?"

"பேசறதில்ல. உன்கிட்ட மட்டும் இல்ல, என்கிட்டயும்தான். நான் சமைக்கறப்ப அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறா. நான் அணைச்சேனான்னு பாக்கறா. நான் என்ன மறக்கறவளா?" அறிக்கையில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். "இதுல வயது வந்த ஒருவர்னு போட்டிருக்கு. எனக்கு அம்பத்தேழு. போதாதா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்க இங்க எப்படி... வேலை?"

"நான் ஏன் இங்க வரேன்? நீ வா."

பதினாறு வருஷம் சம்பாதித்து, யார் வாசலிலும் நிற்காமல், இந்த ரயில்வே வீட்டைச் சண்டைபோட்டு வாங்கியவள். நாத்தனார் வீட்டில் போய் ஒண்டுவதா? மகளைக் கூட்டிவர வேண்டும் என்று முட்டி மோதினேனே தவிர, நான் போகலாம் என்று ஒரு நாளும் தோன்றியதே இல்லை. அது என்ன கௌரவம், எந்தச் சந்தையில் விலைபோகும்?

"இத நான் நவம்பர்லயே சொல்லியிருக்கணும்," என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு. "சொல்லல. அவ வந்தப்புறம்தான் அந்த வீட்ல ரெண்டு தட்டு. நீ வந்தா அவ உன் பின்னாடி போயிடுவா, நான் பழையபடி ஒத்தையா ஆயிடுவேன்னு நெனச்சேன். நீ பரீட்சையில தவறணும்னுகூட நெனச்சிருக்கேன். திட்டறதுன்னா திட்டிக்கோ."

திட்டத்தான் நினைத்தேன். எதிரொலியைத் திட்டியதில் பாதி இன்னும் கையிருப்பு இருந்தது. ஆனால் அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைக்கும்வரை நான் என்ன நினைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

"உங்க அடுப்படி சின்னதாச்சே அண்ணி," என்றேன்.

"ரெண்டு பேர் நிக்கலாம்."

ஏப்ரல் 5, சனி

படிவம் கொடுத்தாயிற்று. பெற்றோர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்கேன் செய்து அனுப்ப மூன்று மணி நேரம் ஆயிற்று, நடுவில் இரண்டு தடவை அறுந்து.

மே 3, சனி

வீட்டுச் சாவியை ஒப்படைத்தேன். எதிரொலி வந்து பெட்டிகளைத் தூக்கிவிட்டான். "மன்னிச்சிடு தம்பி," என்றேன். "மன்னிச்சிடு தம்பி," என்று திருப்பிச் சொன்னான், சிரிக்காமல். பஸ் கிளம்பும்வரை அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

மே 20, செவ்வாய்

குட்டி இப்போது பேசுகிறாள், அளந்து. நான் அடுப்படிக்குப் போனால் வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே போய்ப் படி என்றால், தண்ணீர் குடிக்க வந்தேன் என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தண்ணீர் குடிப்பாள் ஒரு பிள்ளை? இதுவும் தோற்றுவிட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

ஜூன் 11, புதன்

இன்று ஒத்தச் சட்டி. நாத்தனார் இன்னும் அதைச் சமையல் என்று ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் புதன்கிழமை வந்தால் அவரே கோஸ் வாங்கிவந்துவிடுகிறார்.

அவர் எதிரொலி மாதிரி இல்லை. கூடத்திலிருந்து பதில் சொல்லவே மாட்டார். எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குனிந்து தீயைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "முத்திரை பாக்காம ஒரு கவரக்கூட வாங்கினதில்ல நான்," என்கிறார். அந்த நேரத்தில் ஓரம் கொஞ்சம் முறுகிவிடுகிறது. பரவாயில்லை.

"தீ சின்னது," என்றேன்.

"சின்னது, சின்னது. இன்னும் என்ன, அதுக்குப் பேரு வெக்கணுமா?"

எலுமிச்சை பிழிந்தேன். அடுப்பை அணைத்தேன், சொன்னேன், அவர் குனிந்து பார்த்துச் சொன்னார். அப்புறம்தான் கவனித்தேன், வாசலில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். குட்டி கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அரைக்கைச் சட்டை. காலை ஆட்டிக்கொண்டு.

"குட்டி, சாப்பிட வா."

காதில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "இரும்மா, கடல் பாக்கி இருக்கு," என்றாள், திரும்பாமல். சட்டி ஆறிக்கொண்டிருந்தது. நாத்தனார் வாயைத் திறக்கப் போனார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.